பிடியரிசியே முதல்
நஞ்சன்கூட்டில் நல்லுணவு விழாவுக்குப் பொருள் திரட்டும் வழி

கபினி ஆற்றின் கரையில், மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள நஞ்சன்கூடு, நஞ்சுண்ட பெருமான் கோயில் கொண்ட திருத்தலமாகும். தம் யானையின் கண்ணோய் நீங்கியது கண்டு மகிழ்ந்த திப்பு சுல்தான், இப்பெருமானை ‘ஹக்கீம் நஞ்சுண்டா’ எனப் போற்றினார் என்பது இங்கு வழிவழியாக வழங்கிவரும் செய்தி. ஹக்கீம் என்றால் மருத்துவர். வைத்தியர் பி. வி. பண்டிதர் 1913-இல் நிறுவிய சத்வைத்தியசாலையின் பற்பொடியும், புவிசார் குறியீடு பெற்ற ரசபாளெ வாழையும் இவ்வூரின் பெயரை நெடுந்தொலைவு கொண்டு சென்றன. மருந்துக்கும் கனிக்கும் பெயர்பெற்ற ஊர் இது.

அத்தகைய ஊரில் வாழும் நம் இல்லங்களின் நலம் எவ்வாறு உள்ளது? 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கர்நாடகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேரும், நாம் விட்டுவந்த தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேரும் இரத்தச்சோகை உடையவர்கள். கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே இவ்வெண் நூற்றுக்கு 65-ஐயும் தாண்டுகின்றது. மற்றொரு பக்கம், நீரிழிவு உடையோர் இந்தியாவில் பத்துக்கோடிக்கு மேற்பட்டவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. ஒரே வீட்டில் தாய்க்கு இரத்தம் போதாமையும் தந்தைக்குச் சர்க்கரை மிகுதியும் இருப்பதை நாம் காணாமல் இல்லை. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தை நம் தாய்மார்கள் ஊர் மாறி வந்தபோதும் விட்டுவிடவில்லை.

ஆகவே, ஊரார் அனைவரும் கூடி நல்லுணவு இன்னது என்று கண்டும் உண்டும் அறியும்படி ஒருநாள் விழா எடுக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. எண்ணம் எழுந்தவுடன் கூடவே எழும் வினா, ‘பணத்துக்கு எங்கே போவது?’ என்பதாகும். பெருந்தனக்காரர் ஒருவரையோ பெரிய கம்பெனி ஒன்றையோ பிடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். அஃது அத்துணை எளிதும் அன்று. நல்ல வழியும் அன்று. முதற்பொருள் ஊரார் கையிலிருந்து வரவேண்டும்; பெருநிதி அதன்மேல் வந்து சேரவேண்டும். இவ்வரிசை மாறினால் விழா நம்முடையதாக இராது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் காட்டிய வழி

வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து வருகின்றது. அதனைக் காத்து வருவது எந்த ஓர் அரசரின் கருவூலமும் அன்று. மக்கள் மூட்டையாகவும் படியாகவும் கொண்டுவந்து சேர்க்கும் தானியமே ஆகும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் ‘பிடியரிசி’ வழக்கத்தையும் நம்மில் முதியோர் அறிவர்.

இதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் பணி 1956-இல் தொடங்கியது. தொடங்கியபோது அதற்கு அரசின் மானியம் இல்லை. ஊரார் தந்த நெல்லும் பருப்பும் காய்கறியுமே முதலாக இருந்தன. ஊரார் செய்து காட்டிய பின்னரே, 1957-இல், அரசு பங்கேற்றது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் நூற்றுக்கு 60 பங்கு அரசினுடையது. 40 பங்கு ஊராருடையது. 1961 முதல் ‘கேர்’ என்னும் அயல்நாட்டு நிறுவனத்தின் உணவுப் பொருள்களும் வந்து சேர்ந்தன. முதலில் ஊர், பின்னர் அரசு, அதன்பின் அயலார். பிற்காலத்தில் 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும், 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே.

கர்நாடகத்திலும் இதனை ஒத்த நிகழ்ச்சி அண்மையில் நடந்தது. அரசுப் பள்ளிகளில் வாரம் இரண்டு நாள் முட்டை தருவதற்கு மாநில அரசு ஏற்பாடு செய்திருந்தது. 2024-இல் அசீம் பிரேம்ஜி அறநிறுவனம் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் தர முன்வந்து, எஞ்சிய நான்கு நாள்களுக்கும் வழிசெய்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு பணியை நிறைவாக்கவே அப்பெரும்பணம் வந்தது என்பதைக் கருத வேண்டும். நடக்கும் வண்டிக்கே பிறர் தோள் கொடுப்பர்.

இவ்வூரின் வழி

நாம் குடியேறிய இம்மண்ணும் இவ்வறத்தில் குறைந்தது அன்று. நஞ்சன்கூடு தாலுக்காவைச் சேர்ந்த சுத்தூரில், வீரசிம்மாசன மடத்தின் ஜாத்திரை ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டிப் பல நாள் நடைபெறுகின்றது. வருவோர் அனைவருக்கும் ‘தாசோஹம்’ என்னும் அன்னதானம் உண்டு. கூடவே உழவர் கண்காட்சியும் உண்டு. உணவும் அறிவும் ஒரே பந்தலில் கிடைக்கும் இம்முறைதான் நாம் கருதும் விழாவுக்கு முன்மாதிரி. அண்டைத் தாலுக்காவாகிய தி. நரசிபுரமும் பெருமையுடையது. நாட்டில் 33 இடங்களில் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் அங்கன்வாடித் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியபோது, கர்நாடகத்தின் இடம் தி. நரசிபுரமே.

ஆதலின் இவ்விழாவைத் தமிழர் விழா என்று வேலியிட்டு நடத்துதல் கூடாது. கன்னட அன்பர்கள் ‘ராகி முத்தெ’ என்பதும் நாம் கேழ்வரகுக் களி என்பதும் ஒன்றே. அவர்களுடைய ‘சொப்பு சாறு’ நம் கீரைக் குழம்புக்கு உடன்பிறப்பு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே காணப்படும். இரு மொழியினரின் பாட்டிமாரும் அறிந்திருந்த இவ்வுணவை இரு மொழியினரின் பேரப்பிள்ளைகளும் மறந்து வருகின்றனர். இழப்பு பொது, ஆகவே விழாவும் பொதுவாகட்டும். பொதுவானால் கொடுப்போர் தொகையும் பெருகும்.

செலவை மூன்றாகப் பகுத்தல்

பொருள் திரட்டப் புறப்படுமுன் செலவுப் பட்டியலை மூன்று பிரிவாக எழுதுக. பொருளாகப் பெறத்தக்கவை ஒன்று. உழைப்பாகப் பெறத்தக்கவை மற்றொன்று. காசாகவே வேண்டுபவை மூன்றாவது. இவ்வாறு பகுத்தபின், மலைபோல் தோன்றிய தொகை குன்றுபோல் ஆவதைக் காணலாம்.

ஐந்நூறு பேருக்கு ஒருவேளை நல்லுணவு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 கிராம் கேழ்வரகு என்றால் 50 கிலோ வேண்டும். நூறு குடும்பங்கள் அரைக் கிலோ வீதம் தந்தால் அது நிறைந்துவிடும். ஆளுக்கு 40 கிராம் பருப்பு என்றால் 20 கிலோ. அதே நூறு குடும்பங்கள் 200 கிராம் வீதம் தரலாம். ஆளுக்கு ஒரு வாழைப்பழம் என்றால் வீட்டுக்கு ஐந்து பழம் போதும். கீரையும் காயும் சந்தை வணிகரிடமும் சுற்றுப்புற உழவரிடமும் கேட்டுப் பெறலாம். கேழ்வரகை மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி, கல் நீக்கி, ஒரே ஆலையில் அரைப்பது நலம். பல வீட்டு மாவு பல பதமாக இருக்கும்.

சமையல், பரிமாறல், துப்புரவு, இரு மொழியிலும் விளம்பரப் பலகை எழுதுதல் ஆகியவை உழைப்பாகப் பெறத்தக்கவை. பந்தல், பாத்திர வாடகை, எரிவாயு, ஒலிபெருக்கி, அச்சு ஆகியவற்றுக்கே காசு வேண்டும். அந்தக் காசுக்காக மட்டுமே பிறர் வாயிலில் நிற்க வேண்டும்.

ஒரு பிடி தானியம் தந்த வீட்டார் வெறும் விருந்தினராக வரமாட்டார். விழாவின் உரிமையாளராக வருவர். ‘நம் வீட்டுக் கேழ்வரகும் இதில் உண்டு’ என்று எண்ணும் பிள்ளை அக்களியை ஒதுக்கமாட்டான். இப்பயனைப் பெருந்தனக்காரரின் காசோலை தர இயலாது.

காசின்றிக் கிடைக்கும் பெருந்துணை

சில நிறுவனங்கள் பணம் தருவதில்லை. ஆயினும் பணத்தால் எளிதிற் பெற முடியாததைத் தருகின்றன. மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், நிலக்கடலை மாவும் கடலை மாவும் கலந்த பல்நோக்கு உணவை ஆக்கி, ஏழைகளின் புரதக் குறையைப் போக்க முற்பட்ட நிலையம். அங்குள்ள அறிஞர் ஒருவரைச் சொற்பொழிவுக்கு அழைக்கலாம். சுத்தூரிலுள்ள ஜே. எஸ். எஸ். வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் வீட்டுத்தோட்டம் பற்றிய செயல்விளக்கம் கேட்கலாம். நகரசபையிடம் இடமும் தண்ணீரும் துப்புரவும் வேண்டலாம். அரசு மருத்துவமனையாரிடம் இரத்தச்சோகை, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதிக்கும் ஏற்பாட்டை வேண்டலாம்.

காலம் அறிந்து கேட்டல் வேண்டும். 2018-இல் தொடங்கிய ஊட்டச்சத்து இயக்கத்தின் சார்பில் செப்டம்பர் மாதம் ஊட்டச்சத்து மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. அம்மாதத்தில் அங்கன்வாடிகளும் சுகாதார ஊழியரும் இவ்வகை நிகழ்ச்சி நடத்தும் கடமையுடையவர்கள். நாம் அவர்களோடு சேர்ந்தால் அவர்கள் பணியும் எளிதாகும். நம் செலவும் குறையும். பங்குனியில் ஐந்து தேர் ஓடும் பெரிய ஜாத்திரையின்போது ஊரே கோயிலில் இருக்கும். அந்நாளை விலக்குவது நன்று.

கம்பெனிகளின் அறநிதி

நஞ்சன்கூட்டுத் தொழிற்பேட்டையில் பெரிய தொழிற்சாலைகள் பல உள்ளன. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நலத்துக்குச் செலவிட வேண்டும் என்கின்றது. பசியும் ஊட்டக்குறையும் நீக்குதலும் நோய் வருமுன் காத்தலும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முதலிலேயே கூறப்பட்டுள்ளன. தொழிற்சாலை உள்ள பகுதிக்கு முதன்மை தரவேண்டும் என்ற குறிப்பும் உண்டு. ஆகவே நாம் கேட்பது பிச்சை அன்று.

ஆயினும் மூன்று செய்திகளை அறிந்தபின் செல்ல வேண்டும். முதலாவது, ஒருநாள் நிகழ்ச்சிக்கு மட்டும் தரும் பணம் இக்கணக்கில் சேராது என்று மத்திய அரசின் கம்பெனித் துறை 2014 ஜூன் மாதத்திலேயே தெளிவுபடுத்திவிட்டது. தொடர்ந்து நடைபெறும் திட்டமாக இருத்தல் வேண்டும். ‘விழா நடத்தப் பணம் தருக’ என்று கேட்டால் மறுமொழி வராமைக்குக் காரணம் இதுவே. ‘ஓராண்டுக்கு மாதந்தோறும் இத்தனை தாய்மாருக்கு இரத்தச் சோதனை, சமையல் பயிற்சி, பள்ளித் தோட்டம்; அதன் தொடக்க நாளே இவ்விழா’ என்று கேட்டால் செவிசாய்ப்பர். மக்களுக்கும் அதுவே நன்மை. ஒருநாள் உண்ட களியால் எவர்க்கும் இரத்தம் ஊறிவிடாது.

இரண்டாவது, இப்பணத்தைப் பெறும் சங்கம் பதிவுபெற்றதாகவும், வருமான வரித்துறையின் அறநிறுவன அனுமதிகள் உடையதாகவும், இத்தகைய பணியில் மூன்றாண்டு அனுபவம் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இதற்கெனத் தனிப்பதிவும் தேவை. புதிய சங்கத்துக்கு இவை இரா. அந்நிலையில், தகுதியுடைய மூத்த அறநிறுவனம் ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே முறை.

மூன்றாவது, கம்பெனிகளின் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகின்றது. ஆண்டுத் தொடக்கத்திலேயே திட்டம் வகுத்துவிடுவர். செப்டம்பர் விழாவுக்கு ஆகஸ்டில் மனுவோடு செல்வது காலங்கடந்த செயல்.

வாங்கத் தகாத பணம்

பொருள் தேடும்போது நெஞ்சு தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இனிப்புப் பானமும் பொரித்த பொட்டலப் பண்டமும் விற்போர், ‘பந்தல் செலவு முழுவதும் எம்முடையது, எம் பதாகையைக் கட்டி, எம் பண்டத்தைப் பிள்ளைகளுக்கு வழங்குக’ என்று முன்வரக்கூடும். பணமுடை மிக்க குழுவினருக்கு மறுப்பது அரிது. ஆயினும் மறுத்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்க என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதை மேடையில் சொல்லிவிட்டு, வாயிலில் உப்புப் பொட்டலம் வழங்கினால் பிள்ளைகள் எதனை நம்புவர்? சொல்லை மறப்பர், பொட்டலத்தை நினைவில் வைப்பர்.

ஆகவே பொருள் திரட்டுமுன்பே, எவரிடம் வாங்கலாம், எவரிடம் வாங்கலாகாது, கொடுத்தவர் பெயரை எங்கே எவ்வளவு பெரிதாக எழுதலாம் என்று குழு கூடித் தீர்மானம் எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம். முகம் பார்த்தபின் மறுப்பது கடினம்; எழுதிய தீர்மானத்தைக் காட்டி மறுப்பது எளிது. முதற்பொருள் ஊராரிடமிருந்து வரவேண்டும் என்றதன் உட்பொருளும் இதுவே. கையில் ஐம்பது கிலோ கேழ்வரகு உள்ளவர்களே வேண்டாத பணத்தை வேண்டா என்று சொல்ல வல்லவர்கள்.

கணக்கும் காவலும்

நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். ஊர்ப்பணிக்குத் தர விழைகின்றனர். இந்தியக் குடியுரிமை நீங்காதவர்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது அயல்நாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் அனுப்புவதோ, 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு உட்பட்டதாகும். அச்சட்டப்படி பதிவோ அனுமதியோ இல்லாத சங்கம் அதனைப் பெறலாகாது. பாசத்தோடு வந்த பணம் சங்கத்துக்கு வழக்காக முடிதல் வேண்டா; அனுப்புமுன் வினவி அறிக.

இலவசமாக வழங்கினும் உணவு வழங்கல் உணவு வழங்கலே. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் இலாபம் கருதாப் பணியையும் தழுவி நிற்கின்றது. உணவுப் பாதுகாப்பு அதிகாரியை முன்னரே கண்டு, வேண்டிய பதிவைச் செய்துகொள்ள வேண்டும். 2018 டிசம்பரில், அண்டை மாவட்டமாகிய சாமராஜநகரத்தின் சுள்வாடியில், கோயிற் பிரசாதத்தில் நஞ்சு கலக்கப்பட்டு உயிர்கள் மாண்ட துயரத்தை இப்பகுதியினர் மறந்திலர். சமையற்கூடத்துக்குப் பூட்டும், இரவுக் காவலும், முதற்கவளத்தைப் பொறுப்பாளர் உண்டு பார்க்கும் ஒழுங்கும் செலவுப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

வந்த ஒவ்வொரு காசுக்கும் இரசீதும், வந்த ஒவ்வொரு பிடிக்கும் பதிவும் இருக்கட்டும். பணம் வங்கிக் கணக்கில், இருவர் கையொப்பத்தில் இருக்கட்டும். விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, யாவரும் காணும் இடத்தில் ஒட்டுக. எஞ்சியது எவ்வளவு, எதற்குச் செல்கின்றது என்பதையும் எழுதுக. அடுத்த ஆண்டு பொருள் திரட்டுவதற்கு இத்தாளைவிடச் சிறந்த விண்ணப்பம் இல்லை.

அன்பர்களே, வயிற்றுப்பாட்டுக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நாம். வந்த ஊர் நமக்குச் சோறிட்டது. அவ்வூரின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து நல்லுணவு உண்ணும் நாளை உண்டாக்குவது நம் கடன். அதற்குப் பெருஞ்செல்வர் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இன்று மாலை உலை வைக்கும்போது தாய்மார்கள் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து வீட்டார் கூடி அப்பிடிகளை அளந்து பார்க்கட்டும். பொருள் திரட்டல் அன்றே தொடங்கிவிட்டது.